கவர்னருக்கு வைத்த பொட்டு

லிப்டைப் பிடித்து நிறுத்துவது மின்சாரம் என்றே பலரும் எண்ணியிருக்கிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. மோட்டார் அச்சில் பொருந்திய உருளையை இருபுறமும் இரண்டு கட்டைகள் கவ்விக்கொண்டிருக்கும். தடித்த இரண்டு ஸ்பிரிங்குகள் அந்தக் கட்டைகளை ஓயாமல் அழுத்திக்கொண்டிருக்கும். மின்சாரம் ஓடும்போது ஒரு காந்தச் சுருள் அவற்றை விலக்கிப் பிடிக்கிறது, லிப்ட் நகர்கிறது. மின்சாரம் போனால் காந்தமும் போகும். கட்டைகள் மறுபடி கவ்விக்கொள்ளும். பிடித்திருப்பதே அதன் இயல்பு. விடுவது, கேட்கும்போது மட்டும் கிடைக்கின்ற சலுகை.

என் உத்தியோக வாழ்வின் பெரும் பகுதி இந்தப் பிடியோடும் விடுதலையோடும் கழிந்தது. இறைவன் அடியாரைப் பிடித்திருக்கும் பிடியும் இத்தகையதே என்று நான் பலகாலம் நினைத்து மகிழ்ந்திருக்கிறேன். சக்தியெல்லாம் அற்றுப்போன நேரத்திலும் தானாக வந்து கவ்விக்கொள்ளும் பிடி அது. காலையில் கோயிலில் பதிகம் பாடிவிட்டு, பகலில் இயந்திர அறையில் அதே பொருளை இரும்பில் காண்பதாக எனக்குள் ஒரு கர்வம் இருந்தது. அந்தக் கர்வம் அழிந்த கதை இது.

போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள். நான் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் குடியிருந்தேன். லிப்டுகளைப் பொருத்திப் பராமரிக்கும் ஒரு கம்பனியில் எனக்கு வேலை. அதிலும் பாதுகாப்புச் சுற்றுகளைப் பார்ப்பது என் தனிப் பொறுப்பு. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில் ஆறு மாடிக் கட்டிடம் ஒன்று இருந்தது. வடக்கிலிருந்து வந்தவர்கள் அறை அறையாக அதில் தங்கியிருந்தார்கள். மாதத்திற்கு இருமுறை நான் அங்கே போவேன். கடற்காற்றின் உப்பு அங்குள்ள செம்பையெல்லாம் பச்சையாக்கிவிடும். சுவிச்சுகளின் முனைகளைத் தேய்த்துத் தேய்த்தே என் விரல்களில் உலோக வாசம் ஏறியிருந்தது.

அக்காலத்தில் எம்மவர் பலரும் செய்த ஒரு காரியத்தை நானும் செய்துவந்தேன். கோயிலில் நெற்றி நிறையத் திருநீறு பூசுவேன். பஸ் தரிப்பிடம் வருமுன் கைக்குட்டையால் அதைத் துடைத்துவிடுவேன். சோதனைச் சாவடியில் நெற்றியைப் பார்த்தே ஆளை இறக்குகிறார்கள் என்று பேச்சு இருந்தது. பெண்கள் பஸ்ஸுக்குள்ளேயே பொட்டை எடுத்துக் கைப்பையில் ஒட்டிக்கொள்வார்கள். “பேர் ஐடென்டி கார்ட்டில எழுதிக் கிடக்கு. நெத்தியிலயும் எழுதிவைக்க வேணுமே?” என்று என்னோடு கோயிலில் பாடும் ஒருவர் பகிடி சொல்வார். நாங்கள் சிரிப்போம். சிரித்தபடியே துடைப்போம்.

பாதுகாப்புச் சுற்றைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். சொன்னால்தான் நடந்தது விளங்கும். லிப்டின் கதவுகள், குழியின் அடி, கூரையின் உச்சி என்று ஆபத்து நேரக்கூடிய இடங்களில் எல்லாம் ஒவ்வொரு சுவிச் இருக்கும். அவை அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கம்பியில் கோக்கப்பட்டிருக்கும். தீப்பிடித்த வீட்டுக்குக் கைமாற்றிக் கைமாற்றித் தண்ணீர் கொடுப்பவர்களின் வரிசை போன்றது அது. ஒருவர் கையை எடுத்தாலும் வாளி அப்பால் போகாது. எந்த ஒரு சுவிச் திறந்தாலும் மின்சாரம் அறும், பிரேக் கவ்வும், லிப்ட் நின்ற இடத்தில் நிற்கும்.

அந்த வரிசையில் மிக முக்கியமானது கவர்னரின் சுவிச். கவர்னர் என்பது இயந்திர அறையில் இருக்கும் ஒரு சக்கரம். லிப்ட் ஓடும் வேகத்திலேயே அதுவும் சுழலும். லிப்ட் அளவுக்கு மீறிய வேகத்தில் இறங்கினால் சக்கரத்திலுள்ள குண்டுகள் விரிந்து முதலில் சுவிச்சைத் தட்டிவிடும்; அதற்கும் அடங்காவிட்டால் தன்மேல் ஓடும் வடத்தையே கவ்வி, லிப்டின் அடியிலுள்ள ஆப்புகளை இழுத்துத் தண்டவாளத்தில் இறுக்கிவிடும். சுவிச் தட்டப்பட்டு லிப்ட் நின்றால் எங்கள் தொழிலில் “கவர்னர் அடிச்சிட்டுது” என்போம். எழுத்தில் அப்படி ஒரு சொல் இல்லை. வாய்ப்பேச்சில் வேறு சொல்லும் இல்லை. லிப்ட் காரணமின்றி நின்றாலே அப்படிச் சொல்லும் பழக்கம் நாளடைவில் வந்துவிட்டது.

எங்கள் கம்பனி அமர்த்தி அந்தக் கட்டிடத்தின் லிப்டை ஓட்டியவர் மலையகத்தைச் சேர்ந்தவர். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இளவயதில் கொழும்புக்கு வந்து, ஜிந்துப்பிட்டியில், தோட்டம் என்று கொழும்பில் சொல்லும் ஒரு நெருக்கமான வரிசைக் குடியிருப்பில் மனைவியோடு குடியிருந்தார். என்னைவிட நாலைந்து வயது இளையவர். காக்கிச் சட்டையை மடிப்புக் கலையாமல் அணிந்து, சிறிய முக்காலியில் அமர்ந்து, ஏறுபவரின் முகத்தைப் பார்த்தே மாடி எண்ணை அழுத்துவார். “எங்க அப்பாரு கூடையச் சுமந்துக்கிட்டு மலையில ஏறி எறங்குனாரு. நான் குந்திக்கிட்டே ஏறி எறங்குறேன், ஐயா. முன்னேத்தந்தானே?” என்பார். என்னை எப்போதும் ஐயா என்றுதான் அழைப்பார். நான் இயந்திர அறைக்குப் போனால் கட்டிடம் ஓய்ந்த வேளைகளில் மேலே வந்து கதவோரம் நின்று வேலையைப் பார்ப்பார். எங்கள் தொழிற்சொற்கள் எல்லாம் அப்படித்தான் அவர் வாயில் ஏறின.

நவராத்திரியின் இறுதி நாளில் நான் பராமரித்த எல்லா லிப்டுகளுக்கும் ஆயுத பூசை செய்வேன். கம்பனி இதைக் கேட்டதுமில்லை, தடுத்ததுமில்லை. அவ்வாண்டு வெள்ளவத்தைக் கட்டிடத்தின் இயந்திர அறையைக் கழுவித் துடைத்து, மோட்டாருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். லிப்டுக்காரர் தட்டை ஏந்தி நின்றார்.

கவர்னரிடம் வந்தேன். அதன் சுவிச்சுக்கு மூடி இல்லை. உப்பு தின்று மூடி உடைந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. வெளிநாட்டிலிருந்து புதியது வரவேண்டும் என்று கம்பனி சொல்லிக்கொண்டிருந்தது. திறந்து கிடந்த அந்தச் சுவிச்சின் மேல் திருநீற்றை மூன்று விரலாலும் இழுத்து, நடுவில் சந்தனத்தைக் குழைத்து வைக்கப் போனேன்.

“ஐயா, அது சுத்துற சாமானாச்சே. அதுல பூசலாமுங்களா?” என்று கேட்டார்.

“எல்லாரையும் காக்கிறது அதுதானே. அதுக்குத்தான் முதல்ல வைக்கவேணும்.”

அவர் தட்டை என் பக்கம் நீட்டினார். நான் பொட்டை வைத்தேன். இன்று எண்ணும்போது என் மனம் அன்று என்ன செய்துகொண்டிருந்தது என்பது எனக்குத் தெரிகிறது. என் நெற்றியில் வைத்துக்கொண்டு வீதியில் நடக்க அஞ்சிய ஒன்றை, யாரும் ஏறி வராத அறையில், பேசாத இரும்பின் நெற்றியில் வைத்தேன். எனக்குப் பதிலாக அது பூசிக்கொள்ளட்டும் என்று விட்டேன். அதைப் பக்தி என்றும் பெயரிட்டேன்.

பூசை முடிந்ததும், தொழில் ஒழுங்கின்படி, கவர்னர் சுவிச்சை விரலால் ஒருமுறை திறந்து மூடிப் பரிசோதித்தேன். லிப்ட் நின்றது; மீண்டும் ஓடியது. திருப்தியோடு பதிவேட்டில் கையொப்பமிட்டேன். அந்தப் பரிசோதனைதான் ஈரச் சந்தனத்தையும் நீற்றையும் சுவிச்சின் இரண்டு முனைகளுக்கும் இடையே இழுத்துவிட்டது. ஈரம் இருந்தவரை குறை தெரியவில்லை. அறையின் வெப்பத்தில் அது மெல்ல மெல்லக் காய்ந்தது; காய்ந்த சந்தனம் மின்சாரத்தைக் கடத்தாது.

பூசை முடிந்த ஒன்பதாம் நாள், முற்பகலில், அந்தக் கட்டிடத்தைச் சோதனையிடப் பொலிஸார் வந்தார்கள். அது புதிதன்று. அறைகளைத் தட்டுவார்கள், அட்டைகளையும் பதிவுகளையும் பார்ப்பார்கள், சிலரை ஏற்றிக்கொண்டு போவார்கள். இன்ஸ்பெக்டர் ஒருவரும் இரண்டு கான்ஸ்டபிள்மாரும் மேல்மாடியிலிருந்து தொடங்குவதற்காக லிப்டில் ஏறினார்கள். மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே லிப்ட் நின்றது. உள்ளே விளக்கு எரிந்தது, விசிறி சுழன்றது, லிப்ட் மட்டும் அசையவில்லை. அச்சமும் வெக்கையும் சேர, அது தமக்கென விரித்த வலையோ என்று அவர்களுள் ஒருவருக்குச் சந்தேகம் எழுந்தது.

என்ன நடந்தது என்று அவர்கள் சிங்களத்தில் கேட்டார்கள். லிப்டுக்காரர், எங்கள் வாய்ப்பேச்சைச் சொல்லுக்குச் சொல் சிங்களமாக்கி, “கவர்னர் கஹலா, சேர்” என்றார். கவர்னர் அடித்துவிட்டது என்பது அவர் கருதிய பொருள். அவர்கள் காதில் விழுந்ததோ கவர்னரை அடித்தாயிற்று என்பது. கஹலா என்றால் தாக்கிவிட்டார்கள் என்றும் ஆகும். சுட்டுவிட்டார்கள் என்றுங்கூட ஆகும். மாகாண ஆளுநர்களுக்கும் கவர்னர் என்றே பெயர். அடுத்து என்ன என்று அதட்டியபோது அவர் இன்னும் பணிவோடு, அப்படி அடித்தால் ஐயா வருவார், வந்து எல்லாம் சரிசெய்வார் என்றிருக்கிறார். சிங்களத்தில் ஐயா என்றால் அண்ணன். எந்த அண்ணன் என்று கேட்டார்கள். அப்போதுதான் தன் சொற்கள் வேறெங்கோ போய்ச் சேர்ந்துவிட்டன என்று அவருக்கு விளங்கியிருக்கிறது. அதன்பின் அவர் வாய் திறக்கவில்லை.

இவை எல்லாம் நான் பின்னர் அறிந்தவை. அன்று எனக்கு வந்தது, லிப்ட் நின்றுவிட்டது, உள்ளே பொலிஸ் என்ற தொலைபேசிச் செய்தி மட்டுமே. மருதானையில் வேறொரு லிப்டில் வேலையாக இருந்தேன். இரண்டு சோதனைச் சாவடிகளைக் கடந்து நான் வெள்ளவத்தைக்கு வந்து சேர ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. ஆறு மாடியும் படியேறி இயந்திர அறைக்குள் நுழைந்தேன். சுற்றை ஒவ்வோர் இடமாக அளந்துகொண்டே வந்தேன். கதவுகள் சரி. குழி சரி. கவர்னரில் மின்சாரம் அறுந்திருந்தது.

குனிந்து பார்த்தேன். இரண்டு முனைகளுக்கும் நடுவே, பயற்றம் பருப்பின் அளவில், காய்ந்த சந்தனம். அதன் மேல் வெள்ளையாக நீறு.

நெற்றியைத் துடைத்த அதே கைக்குட்டை காற்சட்டைப் பையில் இருந்தது. அதனால் அதைத் துடைத்தேன். லிப்ட் உயிர்பெற்று நான்காம் மாடிக்கு ஏறியது. படியிறங்கி வந்தபோது கதவு திறந்திருந்தது. மூவரும் வியர்வையில் நனைந்த சீருடையோடு வெளியே நின்றார்கள். லிப்டுக்காரரின் கை பின்னால் முறுக்கப்பட்டிருந்தது. அவர் கன்னம் சிவந்திருந்தது. என்னைக் கண்டார், கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அது எனக்கு அப்போது வியப்பாக இருந்தது.

கம்பனி ஆளா என்று இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார். ஆம் என்றேன். கோளாறு என்ன என்றார்.

“தூவிலி, சேர்.”

தூசி என்றேன். அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டேன். தூசி எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. லிப்டுக்காரரைப் படிவழியாக இறக்கிக்கொண்டு போனார்கள். பெரியோர் உடலெங்கும் பூசிப் பாடிப் பணிந்த திருநீற்றை என் வாயால் தூசி என்றேன் என்பது, அவர்களின் ஜீப் ஒழுங்கையைத் தாண்டிய பிறகே எனக்கு உறைத்தது. உறைத்த பின்னும் பதிவேட்டில் அதையே எழுதினேன்: கவர்னர் முனையில் தூசி, சுத்தம் செய்யப்பட்டது.

மறுநாள், புதன்கிழமை மாலை, லிப்டுக்காரரின் மனைவி கொட்டாஞ்சேனையில் என் வீட்டுக்கு வந்தாள். ஓர் அச்சகத்தில் தாள் மடிக்கும் வேலை அவளுக்கு. விரல் நுனிகளில் மை படிந்திருந்தது. உட்காரச் சொன்னேன், கதவருகே நின்றாள். பகல் முழுதும் பொலிஸ் நிலைய வாசலில் இருந்ததாகவும், உள்ளே போய்ப் பார்க்க விடவில்லை என்றும் சொன்னாள். சேலைத் தலைப்பைக் கையில் சுற்றியபடி என்னைப் பார்த்தாள்.

“கவர்னர அடிச்சாச்சு, ஐயா வருவாருன்னு இவரு சொன்னாராம். அவரு ஒரு கோழியக்கூட அடிக்கமாட்டாருங்க. கவர்னருன்னா யாருங்க?”

ஐயா யார் என்று அவள் கேட்கவில்லை.

கவர்னர் ஆள் அன்று, லிப்டின் மேலே சுழலும் ஒரு சக்கரம் என்று நான் விளக்கினேன். அச்சொல்லின் பின்னால் ஒரு மனிதனே இல்லை என்பதை ஏற்றுக்கொள்ள அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

“அப்ப அந்தச் சக்கரத்த அவங்ககிட்ட காட்டிறலாமுங்களே” என்றாள்.

அவ்வளவு எளிதான காரியந்தான். காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஆனால் சக்கரத்தைக் காட்டினால் அது ஏன் அடித்தது என்று கேட்பார்கள். பாதுகாப்புச் சுவிச்சில் ஒரு தமிழன் எதையோ பூசினான் என்பது வாக்குமூலத்தில் ஏறும். கம்பனி என்னை வைத்துக்கொள்ளாது. பொலிஸார் என்னை விடமாட்டார்கள். எனக்கு மணமாகாத இரண்டு மகள்மார் இருந்தார்கள். விசாரித்தால் பொலிஸார் தாமாகவே உண்மை அறிந்துவிடுவார்கள் என்றும், இப்போது நான் தலையிட்டால் லிப்டுக்காரருக்கே கெடுதியாக முடியும் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வியாழக்கிழமை முழுவதும் வேலைக்குப் போகாமல், காய்ச்சல் என்று சொல்லி, வீட்டில் கிடந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கோயிலுக்குப் போனேன். வழக்கம்போலப் பாடத் தொடங்கினேன். என்னைக் கைவிடாதே என்று அடியவன் இரந்து நிற்கும் இடம் ஒன்று அந்தப் பதிகத்தில் உண்டு. ஆயிரம் முறை பாடிய இடம். அங்கே வந்ததும் பாட்டை நிறுத்திவிட்டேன். பக்கத்திலிருந்தவர் தாளத்தை நிறுத்தாமல் எனக்காகவும் பாடி முடித்தார். வெளியே வந்து, பழக்கத்தினால் கைக்குட்டையை எடுத்தேன். அதன் மடிப்பில் காய்ந்த சந்தனம் அப்படியே ஒட்டியிருந்தது.

கோயிலிலிருந்து நேரே வெள்ளவத்தைக்குப் போய்க் கட்டிட உரிமையாளரைக் கண்டேன். பலகாலமாகக் கொழும்பிலேயே வியாபாரம் செய்துவரும் ஒரு முஸ்லிம் குடும்பத்தவர். எவரோடும் சிரித்துப் பேசுபவர். எல்லாவற்றையும் சொன்னேன். யாரிடமும் முதன்முதலாகச் சொன்னது அவரிடந்தான். அவர் அன்று சிரிக்கவில்லை.

“மெஷினுக்குப் பொட்டு வெச்ச நீங்க, சேர். உள்ளுக்குப் போன அவன்” என்றார்.

சற்றுப் பொறுத்து, தாமும் கூட வருவதாகவும் உடனே புறப்படலாம் என்றும் சொன்னார். அந்தச் சுவிச்சைக் கழற்றிப் புதியதைப் பூட்டினால்தான் பழையதைச் சான்றாகக் கொண்டுபோகலாம் என்றேன். அது உண்மைதான். புதிய சுவிச்சை, மூடி இல்லாமல்தான், கம்பனிக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவர மாலையாகிவிட்டது. அதுவும் உண்மைதான். ஆயினும் சுவிச் இல்லாமலே அன்று போய்ச் சொல்லியிருக்கலாம் என்பதும் உண்மை. இந்த மூன்று உண்மைகளில் முதல் இரண்டையும் நான் மற்றவர்களுக்குச் சொல்வதுண்டு.

சனிக்கிழமை காலையில் திருநீற்றைப் பூசிக்கொண்டு, துடைக்காமல், பஸ் ஏறினேன். சாவடியில் இறக்கி அட்டையைப் பார்த்தார்கள்; நெற்றியையும் பார்த்தார்கள்; போகச் சொன்னார்கள். இத்தனை ஆண்டுகள் அஞ்சியது இவ்வளவுதானா என்று நினைத்தபோது எனக்கு ஆறுதல் வரவில்லை. வெட்கமே வந்தது.

பொலிஸ் நிலையத்தில், லிப்டில் அகப்பட்ட அதே இன்ஸ்பெக்டர் இருந்தார். மேசைமேல் கைக்குட்டையை விரித்துச் சுவிச்சை வைத்தேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், உரிமையாளரின் துணையோடு, தொடக்கத்திலிருந்து சொன்னேன். சக்கரத்தைப் படமாக வரைந்தேன். கவர்னர் என்று அதன்மேல் எழுதினேன். எங்கள் தொழிலில் அடித்துவிட்டது என்றால் என்ன பொருள் என்று விளக்கினேன். ஐயா என்பது அண்ணன் அன்று, பழுது பார்க்க வரும் நான்தான் என்றேன். சுவிச்சை விரலால் அழுத்தியும் விட்டும் காட்டினேன். அந்தச் சிறிய ‘டிக்’ ஒலியை அவர் மூன்று நான்கு முறை தாமே செய்து கேட்டார்.

பின்னர் கைக்குட்டையில் ஒட்டியிருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டி முகர்ந்தார். இதை ஏன் இயந்திரத்தில் பூசினாய் என்று கேட்டார். அது எல்லாரையும் காக்கவேண்டும் என்பதற்காக என்றேன். அவர் மணிக்கட்டில், விகாரையில் ஓதிக் கட்டிய வெண்ணூல், அழுக்கேறிக் கிடந்தது. அவர் அதை ஒருமுறை பார்த்தார். என்னைத் திட்டப்போகிறார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. அன்று அவர் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

“ஈயே ஆவா நங்...” என்றார்.

நேற்று வந்திருந்தால். அவ்வளவுதான் சொன்னார். முந்தின நாள் நண்பகலில் லிப்டுக்காரரை மேல் விசாரணைக்கென வேறிடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். கோப்பும் கூடவே போய்விட்டது. வெள்ளி நண்பகல்வரை அவரை விடுவிக்கும் அதிகாரம் இந்த மேசையில் இருந்தது, இப்போது இல்லை. என் வாக்குமூலத்தை எழுதி வாங்கி அனுப்பிவைப்பதாகச் சொன்னார். அனுப்பினார் என்றே நம்புகிறேன். அவர் பொய் சொல்பவராகத் தோன்றவில்லை.

லிப்டுக்காரரின் மனைவிக்கு நானே போய்ச் சொன்னேன். ஜிந்துப்பிட்டியில், குழாயடியில் பெண்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்த ஒரு முற்றத்தில், வெள்ளிக்கிழமை நண்பகல் என்ற சொல்லையும் மறைக்காமல் சொன்னேன். அவள் என்மேல் கோபப்படவில்லை. நிரம்பி வழிந்த குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “சக்கரத்தப் பாத்தாங்களா?” என்று மட்டும் கேட்டாள். பார்த்தார்கள் என்றேன். தலையசைத்துவிட்டு வீட்டுக்குள் போனாள்.

கம்பனி என்னை நீக்கவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று தந்து, பாதுகாப்புச் சுற்றுகளிலிருந்து மாற்றிக் களஞ்சியத்துக்கு அனுப்பியது. பொலிஸார் என் வீட்டுக்கு வரவில்லை. நான் அஞ்சியவற்றுள் எதுவும் நான் அஞ்சியபடி நடக்கவில்லை.

லிப்டுக்காரர் ஏழு மாதங்களின் பின் விடுதலையானார். குற்றச்சாட்டு எதுவும் இல்லை, மன்னிப்பும் இல்லை. அதற்குள் வெள்ளவத்தைக் கட்டிடத்தில் ஏறுபவரே பொத்தானை அழுத்திக்கொள்ளும்படி மாற்றிவிட்டார்கள். உரிமையாளர் அவரை அழைத்து வாசற்காவல் வேலை தருவதாகச் சொன்னார். அவர் ஒரு வாரம் போய்வந்து நின்றுவிட்டார். மூடிய அறைகளில் அவரால் இருக்க முடியவில்லை என்று அறிந்தேன். ஹெந்தளைப் பக்கம், கடற்கரையில், கருவாடு காயவைக்கும் ஒரு வாடியில் வேலைக்குச் சேர்ந்தார். வானத்தின் கீழ் செய்கிற வேலை.

நான் அவரைக் கண்டது மேலும் இரண்டு மாதம் கழித்து. என் கம்பனிக்கு வந்திருந்தார்; வேலை செய்ததற்கான ஒரு கடிதத்தில் கையொப்பம் வேண்டும் என்று. அலுவலகம் மூன்றாம் மாடியில். லிப்டைத் தவிர்த்துப் படியேறி வந்திருந்தார். மெலிந்திருந்தார். இடக்கையை மடக்கும்போது ஒரு தயக்கம் தெரிந்தது. படிக்கட்டின் திருப்பத்தில், ஜன்னலோரம், இருவரும் நின்றோம்.

நான் தயாரித்து வைத்திருந்ததை எல்லாம் சொன்னேன். லிப்டை நிறுத்தியது நான் வைத்த சந்தனமும் நீறும் என்றேன். நான் இரண்டு நாள் தாமதித்தேன் என்றேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

“சந்தனம்னு எனக்கு அங்கேயே தெரியுமுங்க. லிப்டு நின்ன ஒடனே அதுதான் நெனப்புல வந்துச்சு.”

“அப்ப ஏன் சொல்லேல்ல? சொல்லியிருந்தா உங்கள விட்டிருப்பாங்களே.”

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கீழே வீதியில் ஒரு பஸ்ஸை நிறுத்தி ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

“எந்த ஐயான்னு திரும்பத் திரும்பக் கேட்டாங்க. எனக்குத் தெரிஞ்சது ஒரே ஐயாதானுங்களே. ரெண்டு பொம்பளப் புள்ளைங்க வேற இருக்கு உங்களுக்கு. ஐயாவே வந்து சொல்லுவாருன்னு இருந்துட்டேன்.”

அதில் குத்தல் இல்லை. அவர் அதை நடந்த ஒன்றாகத்தான் சொன்னார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சரியாக மடங்காத அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எந்தச் சக்தியும் இல்லாத இடத்தில், அடித்தபோதும், அவர் விடாமல் பிடித்திருந்தார். அந்த நாட்களில் நான் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்திருந்தேன்.

கடிதத்தை வாங்கிப்போய்க் கையொப்பம் பெற்றுவந்து கொடுத்தேன். அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். இரண்டு படி இறங்கியவர், எதையோ நினைத்துக்கொண்டு திரும்பினார்.

“அந்த சுவிச்சுக்கு மூடி வரணும்னீங்களே, ஐயா. வந்துருச்சுங்களா?”

வந்துவிட்டது என்றேன். அவரைக் கொண்டுபோன அடுத்த மாதமே வந்துவிட்டது. களஞ்சியத்தில் அதைப் பதிந்து வாங்கியது நான்தான். அதைச் சொல்லவில்லை.

“நல்லதுங்க” என்றுவிட்டு, கைப்பிடியைப் பற்றியபடி, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.